21 நாளுக்கு ஒரு ஊசியா, தினமும் மாத்திரையா?

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கும். வருஷம் பிறந்ததும் அம்மா அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, 21 தாள் எண்ணி ஒரு சிவப்பு வட்டம், மறுபடி 21 தாள் எண்ணி இன்னொரு வட்டம் என்று டிசம்பர் வரைக்கும் போட்டு வைப்பாள். வட்டம் போட்ட தாள் மேலே வந்தால் எனக்கு ஊசி நாள். 11 வயதில் ஆரம்பித்து 40 தாண்டிய பிறகே விட்டேன். நடுவில் கொஞ்ச காலம் மாத்திரைக்கு மாறினேன். அந்தக் கதை பிறகு வரும்.

போன மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழுந்தபோது, உறவில் ஒரு மைனி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருடைய 9 வயது மகனுக்கு ருமாட்டிக் காய்ச்சல். தொண்டைக் கிருமி வந்து போன பிறகு மூட்டையும் இதய வால்வையும் தாக்குகிற நோய் அது, எனக்கு வந்ததும் அதுதான். டாக்டர் பென்சிலின் ஊசி எழுதியிருக்கிறார். "ஊசி போட்டு ஆளு செத்ததுண்டாம்லா மக்கா? மாத்திரை போதாதா?" என்று கேட்டார். இதே கேள்வியை வேறு நாலைந்து பேரும் கேட்டாயிற்று. அதனால் தெரிந்ததை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை. நோயாளியாகவே இருந்து, கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவன். முடிவை உங்கள் டாக்டரோடு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும்.

முதலில், தேவைதானா?

பிள்ளைக்கு முட்டு வலிக்கிறது, ரத்தத்தில் ஏஎஸ்ஓ அதிகம், உடனே வருஷக்கணக்கில் பென்சிலின். இப்படித் தொடங்கியவர்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. ஏஎஸ்ஓ அதிகம் என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற தொண்டைக் கிருமி சமீபத்தில் வந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். அது ருமாட்டிக் காய்ச்சல் ஆகிவிடாது. அதைத் தீர்மானிக்க 1944-இல் ஜோன்ஸ் என்ற மருத்துவர் வகுத்த அளவுகோல் இருக்கிறது, 2015-இல் திருத்தியிருக்கிறார்கள். இதய அழற்சி, ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவுகிற வீக்கம், கைகால் தானாக வெட்டி இழுப்பது, தோலில் வளையம் வளையமாகச் சிவப்பு, தோலுக்கடியில் சிறு முண்டுகள் ஆகியவை அதில் முக்கிய அடையாளங்கள். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்காமல் யாராவது பத்து வருஷத்துக்கு மருந்து எழுதினால், ஊசியா மாத்திரையா என்று யோசிப்பதற்கு முன்னால் எக்கோவைக் கேளுங்கள்.

ஒரே கிருமி, இரண்டு விதமான சேதம்

மைனி கேட்ட இன்னொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே கிருமிதான் என்றார்களாம். அதற்குக் கொஞ்ச நாளில் மருந்தை நிறுத்திவிட்டார்கள். "எனக்க பிள்ளைக்கு மட்டும் ஏன் பத்து வருஷம்?"

அந்தப் பிள்ளைக்கு வந்தது சிறுநீரக அழற்சி. தொண்டைப் புண் வந்து பத்து நாளிலோ, காலில் சிரங்கு வந்து மூன்று வாரத்திலோ, காலையில் கண்ணிமை வீங்கி, மூத்திரம் கட்டன் சாயா நிறத்தில் போகும். கிருமியின் துண்டுகளும் அவற்றைப் பிடிக்க உடம்பு செய்த எதிர்ப்புப் புரதங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாகி, சிறுநீரகத்தின் வடிகட்டியில் படிந்துவிடுகின்றன. குளத்து மடையில் செத்தை அடைவது மாதிரி. அடைப்பைப் பார்த்து ரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் அங்கே செலவாகும், வெள்ளணுக்கள் வந்து குவியும், அவை கக்கும் ரசாயனத்தில் வடிகட்டி புண்ணாகும். அதனால்தான் அந்த நோயில் சி3 என்ற பரிசோதனை அளவு இறங்கிக் கிடக்கும், 6 முதல் 8 வாரத்தில் பழைய நிலைக்கு ஏறும். செத்தை அடித்துக்கொண்டு போனதும் மடை திறந்துவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முழுசாகச் சரியாகும், அதே நோய் திரும்ப வருவது அபூர்வம். ஆகவே வருஷக்கணக்கில் பென்சிலின் தேவையில்லை. எதிர்ப்புச் சக்தியே நம் உடம்பைச் சேதப்படுத்துகிற விதங்களை ஜெல், கூம்ப்ஸ் இருவரும் 1963-இல் நாலு வகையாகப் பிரித்தார்கள், அந்த வரிசையில் இது மூன்றாம் வகை.

ருமாட்டிக் காய்ச்சலில் நடப்பது வேறு. அங்கே எதிர்ப்புப் புரதம் எதோடும் கட்டியாகி மிதப்பதில்லை. நேராக இதய வால்வின் மேல்தோலில் போய் ஒட்டுகிறது. கிருமியின் மேலே உள்ள எம் புரதமும் ஒரு சர்க்கரைச் சத்தும் நம் இதயத்தில் உள்ள சில புரதங்களைப் போலவே இருப்பதால், ஆள் மாறி அடி விழுகிறது. இதை அந்த வரிசையில் இரண்டாம் வகையில் சேர்க்கிறார்கள். அது மட்டும் இல்லை. புரதம் கதவைத் திறந்துவிட்ட பிறகு டி அணுக்கள் என்ற வெள்ளணுக்களும் உள்ளே புகுந்து வால்வைத் தழும்பாக்கும். இதே புரதம் மூளையில் ஒட்டினால் கைகால் வெட்டி இழுக்கும். மூட்டில் வந்த வீக்கம் தடம் இல்லாமல் போய்விடும், வால்வில் வந்தது பலருக்குப் போகாது. மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்று 19-ஆம் நூற்றாண்டில் லாசேக் என்ற பிரெஞ்சு மருத்துவர் சொன்னதை இன்றைக்கும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

உடம்புக்கு அந்த அடையாளம் மனப்பாடம் ஆகிவிடுகிறது. அடுத்த தடவை அதே குடும்பத்துக் கிருமி தொண்டைக்கு வந்தால் மறுபடி வால்வுக்கு அடி. ஒவ்வொரு தடவையும் தழும்பு கூடும். வால்வைச் சரிசெய்ய மருந்து இல்லை. கிருமி தொண்டைக்கு வராமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி. பத்து வருஷம் என்பது இதற்காகத்தான்.

அமெரிக்க இதய சங்கத்தின் கணக்குப்படி, இதயம் பாதிக்காவிட்டால் 5 வருஷம் அல்லது 21 வயது வரை. இதயம் பாதித்து வால்வு பழையபடி ஆகிவிட்டால் 10 வருஷம் அல்லது 21 வயது வரை. வால்வில் சேதம் தங்கிவிட்டால் 10 வருஷம் அல்லது 40 வயது வரை, சிலருக்கு ஆயுள் முழுக்க. எல்லாவற்றிலும் எது பிந்தி வருகிறதோ அதுதான் கணக்கு.

எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது நாலு விஷயம். கிருமியை உண்மையில் தடுக்கிறதா. ஒரு தடவை விட்டுப்போனால் என்ன ஆகும். ஒவ்வாமை ஆபத்து எவ்வளவு. கடைசியாக, இதை யாரும் கேட்பதில்லை: இந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் வருஷக்கணக்கில் இது நடக்குமா? வீட்டில் காலையில் யார் இருக்கிறார்கள், வேலை என்ன, நாளைக்குக் கல்யாணம் ஆனால் என்ன ஆகும் என்பதெல்லாம் இதில் அடக்கம்.

ஊசி

பென்சாத்தின் பென்சிலின், 12 லட்சம் யூனிட். 27 கிலோவுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு 6 லட்சம். சீசாவில் வெள்ளைப் பொடியாக இருக்கும். சிஸ்டர் அதில் தண்ணீர் ஏற்றி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுவார். கஞ்சி வெள்ளம் மாதிரி ஆகும். கெட்டியான மருந்து, மெல்லிய ஊசி என்றால் பாதியில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் எடுத்துவிட்டு இன்னொரு குத்து. எனக்கு ஒரே நாளில் மூன்று குத்து விழுந்ததுண்டு. தசையில் மட்டுமே போட வேண்டிய மருந்து இது, ரத்தக் குழாயில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. அதனால் பழகிய கை வேண்டும்.

தடுப்பதில் இதற்கு மிஞ்சியது இல்லை. போட்டதும் தசைக்குள் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் சேரும். மூன்று வாரத்துக்கு மேல் பலருக்கு அளவு இறங்கிவிடும். 4 வாரத்துக்கு ஒரு தடவை போடுவதைவிட 3 வாரம் நல்லது என்று தைவானில் 12 வருஷம் நடந்த ஆய்வில் தெரியவந்தது. உகாண்டாவில், எக்கோவில் மட்டும் தெரிகிற ஆரம்பநிலை வால்வுக் கோளாறு உள்ள 818 பிள்ளைகளை இரண்டு வருஷம் கவனித்தார்கள். ஊசி போட்டவர்களில் 0.8 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது, போடாதவர்களில் 8.2 சதவீதம் பேருக்கு. இன்னொரு சங்கதி, இந்தக் கிருமி இத்தனை வருஷத்தில் பென்சிலினை எதிர்க்கக் கற்றுக்கொள்ளவே இல்லை.

இனி அந்தப் பயத்துக்கு வருவோம். 11 நாடுகளில் 1,790 நோயாளிகளுக்குப் போட்ட 32,430 ஊசிகளைக் கணக்கெடுத்து 1991-இல் வெளியிட்டார்கள். ஏதோ ஒரு வகை ஒவ்வாமை வந்தவர்கள் 57 பேர். உயிருக்கு ஆபத்தான அனாபிலாக்சிஸ் 4 பேருக்கு. இறந்தவர் ஒருவர். பூஜ்யம் இல்லை, ஆனால் கல்யாண வீட்டில் பேசிக்கொள்கிற அளவும் இல்லை. அதே ஆய்வில், ஊசியை ஒழுங்காகப் போட்டவர்களில் 0.45 சதவீதம் பேருக்குக் காய்ச்சல் திரும்ப வந்தது. ஒழுங்காகப் போடாதவர்களில் 11.5 சதவீதம் பேருக்கு.

டெஸ்ட் டோஸ் போட்டாச்சு, இனிப் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. தோலில் போட்டுப் பார்ப்பது சில நிமிஷத்தில் வருகிற ஒவ்வாமையை, அதாவது மேலே சொன்ன வரிசையில் முதல் வகையை, மட்டும்தான் காட்டும். பென்சிலினுக்கு மூன்றாம் வகையிலும் கோளாறு செய்யத் தெரியும். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், தடிப்பு, மூட்டு வலி என்று வரும். விலங்கு ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து போட்டவர்களிடம் 1905-இல் வான் பிர்கே, ஷிக் இருவரும் விவரித்த சீரம் நோயும் இப்படித்தான் இருக்கும், அதே கட்டிகட்டியாகப் படிகிற சேதம்தான். பார்ப்பவர்கள் ருமாட்டிக் காய்ச்சலே திரும்பிவிட்டது என்று எண்ணக்கூடும். ஊசி போட்ட தேதியை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பில்லில் வராத செலவுகள்தான் ஊசியில் அதிகம். மருந்து விலை குறைவு. லாபமும் குறைவு என்பதால் சில சமயம் கடையில் கிடைக்காது. அதைவிடப் பெரிய பாடு, போட்டுவிட ஆள் கிடைப்பது. கையில் சீசாவை வைத்துக்கொண்டு அம்மாவும் நானும் ஒரே நாளில் மூன்று கிளினிக் ஏறி இறங்கியிருக்கிறோம். பென்சிலின் என்றாலே "இங்க போட மாட்டோம்" என்பார்கள். ஒருநாள் கூலி, ஒருநாள் பள்ளிக்கூடம், பஸ் செலவு எல்லாம் போகும். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். அன்று முழுக்க நொண்டி நடப்பேன். வருஷத்துக்கு 17 ஊசி.

வலியைக் குறைக்க வழி இருக்கிறது. மருந்தோடு, மரத்துப்போகச் செய்கிற லிக்னோகைன் சேர்க்கலாமா என்று கேளுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் போடாமல் அறை வெப்பத்துக்கு வரவிட்டால் வலி குறையும். பிள்ளையை வெறும் வயிற்றில் கூட்டிப்போகாதீர்கள், தண்ணீர் குடிக்க வையுங்கள், படுக்க வைத்துப் போடச் சொல்லுங்கள். மயங்கி விழுவது பல சமயம் பயத்தாலும் பசியாலும் வருவது. கடுமையான ஒவ்வாமை வந்தால் உடனே போடுகிற அட்ரினலின் மருந்து அந்த இடத்தில் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேட்கலாம். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மாதிரி அவசர சிகிச்சை கையெட்டும் தூரத்தில் இருக்கும் இடத்தில் முதல் சில ஊசிகளைப் போட்டுக்கொள்வது நல்லது என்பது என் கட்சி.

மாத்திரை

பென்சிலின் வி 250 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. வலி இல்லை, அலைச்சல் இல்லை. விடுதிப் பையில் போட்டுக்கொண்டு எங்கேயும் போகலாம். கடுமையான ஒவ்வாமை ஊசியைவிடக் குறைவு.

கணக்கு போட்டால்தான் பாரம் தெரியும். வருஷத்துக்கு 730 மாத்திரை, பத்து வருஷத்துக்கு 7,300. நோவே இல்லாத ஒரு பிள்ளை, ஆடி ஓடுகிற பிள்ளை, அதை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். குலசேகரம், அருமனை பக்கத்தில் விடியுமுன்னே ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற அம்மாமார் நிறையப் பேர். பிள்ளை எழுந்து பள்ளிக்கூடம் போகும்போது வீட்டில் ஆள் இருக்காது. காலை மாத்திரையை யார் கொடுப்பது? ஊசி விட்டுப்போனால் தெரியும், காலண்டர் சொல்லும். மாத்திரை விட்டுப்போனால் யாருக்கும் தெரியாது. ஒழுங்காக விழுங்கினாலும்கூட ஊசி அளவுக்குத் தடுப்பதில்லை என்று பழைய ஆய்வுகள் சொல்கின்றன.

என் கதை இதுதான். 19 வயதில் நாகர்கோவிலில் விடுதியில் தங்கிப் படித்தேன். ஊசி நாளன்று நொண்டுவதைப் பையன்கள் கேலி செய்ததால் நானே பிடிவாதம் பிடித்து மாத்திரைக்கு மாறினேன். இரண்டு மாதம் ஒழுங்கு. அப்புறம் இரவு மாத்திரை மட்டும். அப்புறம் ஊருக்குப் போகும்போது பை இங்கே, நான் அங்கே. ஒரு மழைக்காலத்தில் தொண்டை வலித்தது, வெந்நீர் கொப்பளித்துச் சமாளித்தேன். மூன்று வாரம் கழித்து வலது முட்டு வீங்கிக் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. இரண்டு நாளில் அது இடது கணுக்காலுக்குப் போயிற்று. எக்கோவில், லேசான கசிவு என்று எழுதியிருந்த இடத்தில் நடுத்தரம் என்று எழுதினார்கள். ஒரு சொல்தான் மாறியிருந்தது. அம்மா அந்தத் தாளை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாள். மாத்திரை மேல் எனக்கு இருக்கிற கோபத்தை இதைப் படிக்கும்போது கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். குற்றம் மாத்திரையுடையது இல்லை.

பென்சிலின் சேராதவர்களுக்கு

எரித்ரோமைசின் 250 மில்லிகிராம் இரண்டு வேளை, அல்லது சல்ஃபாடயசின். முன்னது வயிற்றைப் பிரட்டும், அதை எதிர்க்கிற கிருமிகளும் உண்டு. வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் ஏசிட்ரோம், வார்ஃபரின் ஆகியவற்றின் வேகத்தையும் ஏற்றிவிடும், அதனால் ரத்தம் உறைகிற வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை பார்க்க வேண்டியிருக்கும். பின்னது கர்ப்பகாலத்தில் ஆகாது. இந்த வழி மூன்றாவது இடத்துக்குத்தான்.

ஆனால் பென்சிலின் சேராது என்று சொல்பவர்களில் கணிசமானவர்களுக்கு உண்மையில் ஒவ்வாமை இல்லை. சின்ன வயதில் எப்போதோ ஒரு தடிப்பு, அல்லது ஊசி பயத்தில் மயக்கம். அட்டையில் ஒருமுறை எழுதிவிட்டால் அழிப்பதற்கு ஆளில்லை. அதை ஒருதடவை முறையாகச் சோதித்துத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

| | ஊசி | பென்சிலின் மாத்திரை | மாற்று மாத்திரை |
|---|---|---|---|
| தடுக்கும் பலம் | அதிகம் | அதைவிடக் குறைவு | குறைவு, எதிர்க்கும் கிருமிகள் உண்டு |
| எத்தனை தடவை | வருஷத்துக்கு 17 | வருஷத்துக்கு 730 | எரித்ரோமைசின் என்றால் வருஷத்துக்கு 730 |
| விட்டுப்போனால் | உடனே தெரியும் | தெரியாது | தெரியாது |
| ஒவ்வாமை | அபூர்வம், வந்தால் கடுமை | இன்னும் குறைவு | பென்சிலின் ஒவ்வாமை இல்லை, சல்ஃபாவுக்கு வரலாம் |
| மறைமுகச் செலவு | கூலி, பஸ், வலி, இடம் தேடுவது | நினைவு வைப்பது, கவனிக்க ஆள் | வயிற்றுத் தொல்லை, மற்ற மருந்தோடு மோதல் |

யாருக்கு எது

பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, வால்வில் லேசான பாதிப்பு அல்லது பாதிப்பே இல்லை என்றால் ஊசிதான். இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

வால்வு மிக மோசமாகச் சுருங்கியோ கசிந்தோ, நாலடி நடந்தாலே மூச்சு வாங்குகிறவர்களுக்குக் கணக்கு மாறும். ஊசி போட்டதும் நடந்த சில மரணங்கள் ஒவ்வாமையால் இல்லை, ஏற்கெனவே தளர்ந்த இதயம் அந்த வலியையும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதையும் தாங்காமல் போனதால் இருக்கலாம் என்று அமெரிக்க இதய சங்கம் 2022-இல் எழுதியது. இவர்களுக்கு மாத்திரையை யோசிக்கலாம் என்பது அதன் அறிவுரை. ஊசி போட்டு ஆள் செத்தார் என்று ஊரில் சொல்கிற கதைகளில் சில இப்படிப்பட்டவையாக இருக்கலாம்.

வால்வு மாற்றியவர்கள் தனி. நம் மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவமனைக்குப் போனவர்கள் பலர். 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்திய நம் நாட்டு வால்வே அந்த ஊர் ஆராய்ச்சியில் பிறந்ததுதான். வால்வு மாற்றியாச்சே, இனி பென்சிலின் எதற்கு என்று கேட்பார்கள். மற்ற வால்வுகள் பழையவைதானே, தொடர வேண்டும். ஆனால் ஏசிட்ரோம் சாப்பிடுபவருக்குத் தசையில் ஊசி போட்டால் ரத்தம் கட்டலாம். எந்த வழி என்பதை அவர்களின் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தூத்தூர், வள்ளவிளை பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குத் தங்கல் போகிறவர்கள் ஒரு மாதமும் அதற்கு மேலும் கரைக்கு வரமாட்டார்கள். 21-ஆம் நாள் நடுக்கடலில் வரும். கிளம்புவதற்கு முன் ஊசி, மூன்றாவது வாரம் முடிந்ததிலிருந்து கரை சேரும்வரை மாத்திரை என்று டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளலாம். விட்டுத் தொலைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பெண் பிள்ளைகள் விஷயத்தைத்தான் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று கல்யாணத்தோடு ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து கர்ப்பம் வரும், சுருங்கிய வால்வுக்கு அந்த ரத்த ஓட்டம் தாங்காது, ஆறாவது ஏழாவது மாதத்தில் மூச்சுத் திணறலோடு ஓட வேண்டியிருக்கும். பென்சிலின் கர்ப்பகாலத்தில் போடக்கூடிய மருந்துதான். மறைத்தே ஆக வேண்டும் என்று குடும்பம் நின்றால், நிறுத்துவதைவிட மாத்திரையாவது தொடரட்டும் என்பேன். சொல்லிவிட்டுக் கட்டிக்கொடுப்பதே நல்லது என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

மைனி நேற்று போன் செய்தார். முதல் ஊசி முடிந்துவிட்டதாம். பையன் அழவில்லை, அவர்தான் அழுதாராம். அடுத்த வட்டம் எந்தத் தாளில் என்று கேட்டார். போட்ட நாளைச் சேர்க்காமல் 21 எண்ணச் சொன்னேன்.